கூரையில் ஒரு கெளுத்தி

அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் முதல் ஆள் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கி வந்தபோது கண்வலி என்று நினைத்தேன். இரண்டாவது ஆளும் அப்படியே வந்தபோது கண்வலி பரவுகிறது என்று நினைத்தேன். மூன்றாவதாக ஒரு கிழவி வந்தாள். அவள் மட்டுமில்லை, அவள் இடுப்பில் இருந்த நாய்க்குட்டியும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது.

"மூணாவது மாடிக்கா போறீங்க?" என்றாள் கிழவி. "அவ கண்ணைப் பார்க்காதீங்க. நாக்கைக் கடிச்சுக்கிட்டே பேசுங்க."

"நாக்கைக் கடிச்சுக்கிட்டு எப்படிம்மா பேசறது?"

"அப்ப பேசாதீங்க. பின்னால இருந்து கூப்பிட்டாலும் திரும்பாதீங்க. தோள்ல இருக்கற விளக்கு அணைஞ்சிடும்."

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. மனிதனுக்குத் தலையில் ஒன்று, தோளுக்கு ஒன்று என்று மூன்று விளக்குகள் எரிகின்றன. கெட்டவன் தோளில் தட்டினால் ஒன்று அணையும். அப்புறம் அவன் கேட்பதையெல்லாம் நாமே கழற்றிக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். இதை நம்பாதவர்கள்கூடக் கூட்டத்தில் தோளைக் கொஞ்சம் ஒதுக்கியே நடப்பார்கள்.

என் பெயர் லெய். எழுபது தாண்டியவன். வுஹானில், ஹான்கோ பக்கம், ருவான் என்ற பெண்மணி நடத்தும் பொது ஆலோசனை நிலையத்தில் உதவியாளன். துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டச் சட்டம் இடம் தராது என்பதால் 'பொது ஆலோசனை'. ருவான் முன்பு காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவள். பொய்யாக இழப்பீடு கேட்கிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து, டீ குடித்தே உண்மையை வரவழைத்தவள். கோடை வந்தால் அவள் கையில் எப்போதும் தாமரைக்காய் இருக்கும். விதையை உரித்துத் தான் தின்பாள். உள்ளே இருக்கும் கசப்புக் குருத்தை என்னிடம் நீட்டுவாள்.

"உடம்புக்கு நல்லது, லெய் மாமா."

இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் ஒரே படி அதுதான்.

மூன்றாவது மாடியில் எங்களை வரவழைத்தவள் டாக்டர் ஷாவ். முப்பத்தைந்து வயதுப் பெண், மெல்லிய குரல். மனோவசியத்தால் வைத்தியம் செய்பவள். தூக்கம் வராதவர்கள், பரீட்சைக்குப் பயப்படுகிறவர்கள், திக்கித் திக்கிப் பேசுகிறவர்கள் எல்லாம் அவளிடம் வருவார்கள். வந்துகொண்டிருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். இப்போது அறை காலி. சுவரோரம் அட்டைப்பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன.

"சாயங்காலம் கீழ முற்றத்துல குடியிருப்போர் கூட்டம்," என்றாள் ஷாவ். "கை தூக்கி முடிவு பண்ணப் போறாங்க. நான் காலி பண்ணணும்னு. வீட்டு உரிமையாளரும் அவங்க சொல்றதைத்தான் கேட்பார். இந்த ஊர்ல இன்னொரு இடம் எனக்கு யாரும் தர மாட்டாங்க. திருடின்னு பேர் வந்தாச்சு."

"யார் சொன்னது?"

"அஞ்சாவது மாடி நியே அத்தை. மாமியார் கொடுத்த பச்சைக்கல் வளையல் அவங்க கையில இருந்துச்சு. நான் படிக்கட்டுல அவங்க தோளைத் தட்டினேனாம். அவங்களே கழட்டிக் கொடுத்தாங்களாம். வீட்டுக்குப் போனப்புறம்தான் சுயநினைவு வந்துச்சாம்."

"தட்டினீங்களா?"

"நான் யாரையும் தொட்டுக்கூடப் பேசறதில்லை. இந்த வைத்தியத்துல ஆள் தூங்கவே மாட்டாங்க, அக்கா. நான் பேசறது எல்லாம் காதுல விழும். பிடிக்கலைன்னா எழுந்து போயிடலாம். பொய் சொல்லணும்னா பொய்கூடச் சொல்லலாம். ஆனா எங்க மொழியில இதுக்கு வச்ச பேரே தூக்கமூட்டல். கேட்கறவன் தூக்கம்னுதானே நினைப்பான். பையனை மயக்கி வீட்டுப்பாடம் எழுத வைங்கன்னு ஒரு அம்மா வருவாங்க. வீட்டுக்காரரைப் படுக்க வச்சு உண்மையைக் கக்க வைங்கன்னு இன்னொருத்தங்க. மிச்சம் பேர் வாசல்லயே நின்னு, முடிஞ்சா என்னை மயக்குங்க பார்ப்போம்னு சவால் விட்டுட்டுப் போவாங்க."

"என்னை முடியாது," என்றேன். "இளவயசுல ஒரு வாத்து முயற்சி பண்ணிச்சு. காலையில ஆரம்பிச்சு வெயில் சாயற வரைக்கும் ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே இருந்தோம். கடைசியில வாத்துதான் தூங்கிச்சு."

"அந்த நாற்காலியில படுங்க," என்றாள் ஷாவ்.

சாய்வு நாற்காலி ஒரு மரத்தடுப்புக்குப் பின்னால் இருந்தது. படுத்தேன். ஷாவ் எனக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் வலது கையில் ஒரு பலூன் கட்டியிருப்பதாக நினைக்கச் சொன்னாள். நினைப்பதில் எனக்கு என்ன நஷ்டம்? நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் கை மேலே நின்றது.

"ஒண்ணும் ஆகலை," என்றேன்.

"கையை இறக்குங்க, மாமா," என்றாள் ருவான்.

"இறக்கலாம். இறக்கணும்னு தோணலை. டாக்டர், உங்க கூரையில கெளுத்தி மீன் மாதிரி ஒரு ஈரக்கறை இருக்கே, பார்த்தீங்களா? மீசையெல்லாம் அப்படியே வந்திருக்கு."

ஷாவ் எழுந்து வந்து அண்ணாந்து பார்த்தாள். தெரியவில்லை. குனிந்து, என் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை வைத்துப் பார்த்தாள். குறுக்கே போன உத்தரத்துக்கு அப்பால், ஒரு சந்தில் படுத்திருந்தது கெளுத்தி.

"இத்தனை நாள் இங்க இருக்கேன், எனக்கே தெரியாது," என்றாள். "நான் இந்த நாற்காலியில படுத்ததே இல்லையே."

ருவான் ஒரு விதையை உரித்தாள். "நியே அத்தை எப்பவாவது இங்க வந்திருக்காங்களா?"

"யார் வர்றாங்க, யார் வரலைங்கறதை நான் சொல்றதில்லை."

"உங்க கடையே போகப் போகுது."

"வந்தவங்க பேரை வெளிய சொன்னா, அதைவிட முன்னாடியே கடை போயிடுச்சுன்னு அர்த்தம்," என்றாள் ஷாவ்.

ருவான் விதைத் தோலைப் பைக்குள் போட்டாள். பிறகு என்னிடம், "மாமா, மேல போகணும். கையையும் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

ஐந்தாவது மாடிக்குப் போவதற்குள் என் கை இறங்கிவிட்டது. அது தானாக இறங்கியது. மனோவசியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நியே அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். முகம் அதைவிடப் பத்து வருஷம் முன்னால் போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவ்வளவு வெக்கையிலும் இடது கையில் மட்டும் விரல்களை மூடாத சமையல் கையுறை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும். அடுப்பில் தாமரைக்கிழங்கும் விலா எலும்பும் கொதித்துக்கொண்டிருந்தன.

கூடத்தில் ஓர் இரும்புக் கட்டில், ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல் பக்கக் கம்பி வைத்தது. அதில் அத்தையின் மாமனார் கோங். நாற்பது வருஷம் யாங்ட்சி ஆற்றில் பயணிகள் படகு ஓட்டிய கேப்டன். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் கரையேறவே இல்லை. கட்டிலைப் படகு என்றும் எங்களைப் பயணிகள் என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பின்னால போய் நில்லுங்க," என்றார் என்னிடம். "எல்லாரும் ஒரே பக்கம் நின்னா சாயும்."

நான் பின்னால் போய் நின்றேன். கேப்டன் சொன்னால் கேட்க வேண்டும்.

"வீட்டுக்காரர் ஷாங்காய் துறைமுகத்துல கிரேன் ஓட்டறார்," என்றாள் அத்தை. "புத்தாண்டுக்கு வருவார். மத்த நாளெல்லாம் நானும் இவரும்தான். ராத்திரி ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போடணும், இல்லாட்டி முதுகு புண்ணாயிடும்."

"தூங்கறது எப்போ?"

"தூக்கமா?" அத்தை அந்த வார்த்தையை எங்கோ கேள்விப்பட்டதுபோலச் சொன்னாள்.

கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, ஆற்றி, கரண்டியால் விளிம்பில் இரண்டு முறை தட்டினாள். கேப்டன் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மறுபடி தட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாப்பாட்டு மணி அடிக்கலை," என்றார்.

"வளையல் கிண்ணத்துல படற சத்தம்," என்றாள் அத்தை எங்களிடம், குரல் தாழ்த்தி. "மாமியார் ஊட்டறப்பவும் அதே சத்தம்தான். அது கேட்டாத்தான் வாயைத் திறப்பார். என்னை யாருன்னு தெரியாது. வளையலைத் தெரியும்." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இப்ப பாதிச் சாப்பாடுதான். அதுவும் என் கையால இல்லை. பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கு."

"வளையல் எத்தனை வருஷமா கையில இருந்துச்சு?" என்றாள் ருவான்.

"கல்யாணத்தன்னைக்குப் போட்டுவிட்டாங்க. கழட்டினதே இல்லை."

"அன்னைக்குப் படிக்கட்டுல என்ன நடந்துச்சு, அத்தை?"

"மேல வந்துக்கிட்டிருந்தேன். பின்னால இருந்து தோள்ல தட்டினா. திரும்பினேன். அவ கண்ணைப் பார்த்தேன். அவ்வளவுதான். நானே கழட்டி, சிரிச்சுக்கிட்டே கொடுத்தேன்." அவள் அடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டே ஒப்பித்தாள். "அவ வாசப்படியை நான் மிதிச்சதுகூட இல்லை. எனக்கும் அவளுக்கும் என்ன? சொந்தக் கூரையில கெளுத்தி மாதிரி கறை படிஞ்சு கிடக்கு, அதைச் சரி பண்ண வழியில்லை. ஊரார் மனசைச் சரி பண்ண வந்துட்டா."

நான் வாயைத் திறந்தேன். ருவான் ஒரு கசப்புக் குருத்தை அதில் போட்டாள்.

"பெயின்ட் போயிருக்கே," என்றாள் அவள், கட்டிலின் பக்கக் கம்பியைத் தடவி. வெள்ளைப் பெயின்ட் ஓரிடத்தில் நகத்தளவு பெயர்ந்து, இரும்பு தெரிந்தது. புதுசாகப் பெயர்ந்தது. துரு ஏறவில்லை.

"பழைய கட்டில்," என்றாள் அத்தை.

"பழைய படகு," என்று திருத்தினார் கேப்டன்.

நாங்கள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

"உங்க வீட்டு அத்தை வளையல் போட்டிருந்தாங்களா, மாமா?"

"போட்டிருந்தா. ஒரு தடவை கழட்டணும்னு ஆசைப்பட்டா. சோப்பு, சமையல் எண்ணெய், ஒரு பிளாஸ்டிக் பை, எதிர்வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேர். அவ போட்ட கூச்சல்ல ஆத்துக்கு அந்தப்பக்கம் நெருப்புன்னு நினைச்சு வண்டி அனுப்பிட்டாங்க. வளையல் வந்துச்சு. ஒரு மாசத்துக்குக் கட்டைவிரல் மூட்டு கத்தரிக்காய் நிறம்."

"நியே அத்தை கல்யாணத்தப்ப ஒல்லியா இருந்திருப்பாங்க. இப்ப கையைப் பார்த்தீங்களா? கட்டைவிரல் மூட்டுல ஒரு சிராய்ப்பு இல்லை. தோளைத் தட்டினா மனசு வேணும்னா இளகலாம். எலும்பு இளகாது."

"அப்ப வளையல் கழட்டப்படலை."

"உடைஞ்சது. கட்டில் கம்பியில. கையுறைக்கு உள்ள வெட்டுக்காயம் இருக்கும்."

"கல் வளையல் உடைஞ்சா நல்லதுன்னுதானே சொல்லுவாங்க? நமக்கு வரவேண்டிய கெடுதலை அது தாங்கிக்கிச்சுன்னு. பக்கத்து வீட்டுக்காரங்க ஆரஞ்சு வாங்கிட்டு வந்து பார்ப்பாங்க. இதுக்கு எதுக்குப் பொய்? எதுக்கு டாக்டர் மேல பழி?"

"அதான் எனக்கும் வேணும்," என்றாள் ருவான், எழுந்தபடி. "உடைஞ்சதை மறைக்கலை. உடைஞ்ச விதத்தை மறைக்கறாங்க. வாங்க."

அத்தை மொட்டை மாடியில் படுக்கை விரிப்பு உலர்த்திக்கொண்டிருந்தாள். ருவான் விரிப்பின் மறுமுனையைப் பிடித்து உதவினாள். இரண்டு பேரும் நான்கு விரிப்புகளைக் கொடியில் போட்டார்கள். ஐந்தாவதை உதறும்போது ருவான் சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்தக் கெளுத்திக்கு மீசை எத்தனை, அத்தை?"

"இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம்…"

விரிப்பு காற்றில் அப்படியே நின்றது.

"அது வாசல்ல இருந்து தெரியாது," என்றாள் ருவான். "டாக்டருக்கே தெரியாது. அந்த நாற்காலியில படுத்தவங்களுக்குத்தான் தெரியும்."

நியே அத்தை விரிப்பை மெதுவாக மடித்தாள். ஈரத் துணியை யாரும் மடிக்க மாட்டார்கள். அவள் நான்காக மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"அவதான் சொல்லிட்டாளா? எல்லாத்தையும்?"

ருவான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பற்றி அவள் பிறகு வருத்தப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அன்று முழுவதும் அதற்கப்புறம் அவள் தாமரைக்காயைத் தொடவில்லை.

"அன்னைக்குக் காலையில மூணு தடவை கிண்ணத்தைத் தட்டிவிட்டார்," என்றாள் அத்தை. "மூணாவது கிண்ணம் என் கால்ல கொட்டிச்சு. கொதிக்கற சூப். நான் மூணு ராத்திரியா கண்ணை மூடலை. கை ஓங்கிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருந்தார், நான் ஏதோ டாட்டா காட்டறேன்னு நினைச்சுக்கிட்டு. கை இறங்கிச்சு. கம்பியில பட்டு வளையல் ரெண்டா போச்சு."

"அவரை அடிக்கலையே."

"எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. கடைசி நேரத்துல நான் கையைத் திருப்பிக்கிட்டேனா, இல்லை கம்பிதான் குறுக்க இருந்துச்சா? நானும் அதையே தினம் நினைச்சுப் பார்க்கறேன். தெரியலை." அவள் கையுறையைக் கழற்றினாள். உள்மணிக்கட்டில் ஒரு பிளாஸ்திரி. "கல் கெடுதலைத் தாங்கிக்கிச்சுன்னு சொல்லுவாங்க. எந்தக் கெடுதலை? வந்த கெடுதல் நான்தானே."

நான் குனிந்து, கீழே கிடந்த துணிக் கிளிப்பைப் பொறுக்கிக் கொடியில் மாட்டினேன்.

"அதுக்கப்புறம் சுத்தமா தூக்கமே போச்சு. கீழ தூக்கமூட்டறாளேன்னு போனேன், யாருக்கும் தெரியாம. நாற்காலியில படுக்கச் சொன்னா. மேல கெளுத்தியைப் பார்த்தேன். கண்ணை மூடுங்கன்னா. அவ்வளவுதான் தெரியும். முழிச்சப்ப வெயில் சாஞ்சிருக்கு. என் மேல போர்வை. அவ என்னையே பார்த்துக்கிட்டு, 'மனசுல பெரிய பாரம் வச்சிருக்கீங்க அத்தை, அடுத்த வாரமும் வாங்க'ன்னா. அப்பவே தெரிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் உளறிட்டேன். அந்த மயக்கத்துல யாரால மறைக்க முடியும்? மறுநாள் படிக்கட்டுல கட்டடப் பொறுப்பாளர் தெங் கேட்டார், வளையல் எங்க அத்தைன்னு. அவ கதவு திறந்திருந்துச்சு. அவ சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிட்டேன்."

"திருடி சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு."

"ஆமா."

ருவான் கொடியிலிருந்து கையை எடுத்தாள். "கீழ வாங்க, அத்தை. நீங்க அந்த நாற்காலியில என்ன சொன்னீங்கன்னு நீங்களே கேளுங்க. உங்களுக்கு மட்டும்தான் அவங்க பதில் சொல்லுவாங்க."

மூன்றாவது மாடியில் ஷாவ் கடைசி அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அத்தையைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அத்தை வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள், தரையைப் பார்த்தபடி.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?"

ஷாவ் எங்களைப் பார்த்தாள்.

"இவங்க இருக்கட்டும். சொல்லு. மாமனாரைப் பத்தி என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லலையே, அத்தை. கண்ணை மூடுங்கன்னேன். மூடினீங்க. குறட்டை விட ஆரம்பிச்சிட்டீங்க. நான் வைத்தியத்தை ஆரம்பிக்கவே இல்லை. எழுப்ப மனசு வரலை. போர்வையைப் போத்திட்டு, அடுத்து வந்தவங்களைத் திருப்பி அனுப்பிட்டேன்."

"மயக்கம் போடலையா?"

"வெறும் தூக்கம்தான். இப்படித் தூங்கறவங்க மனசுல ஏதோ பாரம் இருக்கும்னு நினைச்சேன். அதைத்தான் சொன்னேன். உங்க மாமனார் இருக்கார்ங்கறதே இப்பத்தான் எனக்குத் தெரியும்."

நியே அத்தை படிக்கட்டில் உட்கார்ந்தாள். காப்பாற்ற வேண்டிய ரகசியம் பத்திரமாகவே இருந்திருக்கிறது. அதைக் காப்பாற்றுவதற்காக, போர்வை போர்த்தியவளைத் திருடி ஆக்கியாகிவிட்டது. அதோடு, சற்று முன்னால்தான் அதை இரண்டு அந்நியர்களிடம் மொட்டை மாடியில் கொட்டியிருக்கிறாள். முழு விழிப்போடு.

"வளையல் துணி துவைக்கறப்ப உடைஞ்சதுன்னு சொன்னாப் போதும், அத்தை," என்றாள் ருவான் மெல்ல. "ஊர் அதை நம்பும். டாக்டரும் தப்பிச்சிடுவாங்க. மத்தது வெளிய வரவே வேணாம்."

அத்தை எழுந்து மேலே போனாள்.

கூட்டம் முற்றத்தில், மின்சார ஸ்கூட்டர்கள் சார்ஜ் ஏற்றும் கொட்டகைக்குப் பக்கத்தில். எல்லோரும் ஸ்டூலும் விசிறியும் கொண்டுவந்திருந்தார்கள். டாக்டரும் வருகிறாள் என்று தெரிந்ததால் கண்ணாடி போடாதவர் இல்லை. வெளிச்சம் மங்கியதும் ஒருவர் மரத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தலைமை தெங். கட்டடத்தின் பொறுப்பாளர். போன மாதம் இதேபோல அவர் தோளிலும் யாரோ தட்டி, அவரது புது ஸ்கூட்டரின் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். அந்த ஸ்கூட்டரை இப்போது ஓட்டுகிறவரை எனக்குத் தெரியும். மாஜோங் என்ற ஓடு அடுக்கும் சூதாட்டத்தில் அவரை யாரும் ஜெயித்ததில்லை.

"பேச்சு வேணாம்," என்றார் தெங். "இவங்க போகணும்னு சொல்றவங்க…"

"நான் பேசணும்," என்றாள் நியே அத்தை.

பேசினாள். துணி துவைத்த கதையைச் சொல்லவில்லை. மூன்று கிண்ணம், ஓங்கிய கை, கட்டில் கம்பி, நாற்காலி, குறட்டை, படிக்கட்டில் சொன்ன பொய். எதையும் விடவில்லை. குரல் ஏறவும் இல்லை. விசிறிகள் நின்றன.

முதலில் வாய் திறந்தவர் தெங்.

"பார்த்தீங்களா? நம்ம கண்ணு முன்னாடியே பேச வச்சிட்டா."

முற்றம் முழுவதும் பின்னால் நகர்ந்தது. "அத்தை, நாக்கைக் கடிங்க," என்றது ஒரு குரல். "தண்ணி தெளிங்க, தண்ணி தெளிங்க," என்றது இன்னொன்று. நாய்க்குட்டிக்காரக் கிழவி அதன் கண்ணாடியைச் சரிசெய்தாள். ஷாவ் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அதுவும் வசியம் என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நியே அத்தை சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, தெங்குக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் விரித்தாள். பச்சைக்கல், இரண்டு அரைவட்டம். ஒன்றின் முனையில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"அன்னைக்கு மயக்கத்துல இருந்தேன்னு சொன்னேன்," என்றாள். "ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கலை. அப்படியே நம்பினீங்க. இன்னைக்கு முழிச்சுக்கிட்டுச் சொல்றேன். நம்ப மாட்டேங்கறீங்க. ஏன், தெங்? அன்னைக்கு நான் சொன்ன பொய் உங்களுக்கு ரொம்ப வசதியா இருந்துச்சா?"

தெங்கின் மனைவி பக்கத்து ஸ்டூலில் இருந்தாள். தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மடித்து வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"உங்க எந்தத் தோள்ல தட்டினான்னு சொன்னீங்க?"

"இடது," என்றார் தெங்.

"போன மாசம் வலதுன்னீங்க."

நான் இருமினேன். வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் தெங் என்னைப் பார்த்தார், நான் மாஜோங் ஓடுகளை அடுக்குவதுபோல் விரல்களை அசைத்ததையும் பார்த்தார்.

"சரி, இவங்க போகணும்னு சொல்றவங்க கை தூக்குங்க," என்றார் அவர், காதில் விழாத குரலில்.

ஒரு கையும் எழவில்லை. ஒவ்வொருவராகக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள். போன வருஷம் விற்பனையாளனிடம் ஏமாந்து காந்த மெத்தை வாங்கிவிட்டு, தன்னை வசியம் செய்துவிட்டார்கள் என்று சொன்னவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடந்தார். யாரும் யார் கண்ணையும் பார்க்கவில்லை. இந்தமுறை பயம் வேறு.

ஷாவ் தன் அட்டைப்பெட்டிகளை அவிழ்க்கப் போகவில்லை. அத்தையோடு ஐந்து மாடி ஏறினாள். நாங்களும் பின்னால் போனோம்.

கேப்டன் விழித்திருந்தார். ஷாவ் அடுப்பிலிருந்து சூப்பை ஊற்றிக் கொடுத்தாள். அத்தை கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். இந்தமுறை கரண்டியால் தட்டவில்லை.

அவர் வெறுங்கையைப் பார்த்தார். "யாரு நீ?"

"உங்களை அடிக்க வந்தவ," என்றாள் அத்தை.

"அடிச்சியா?"

"தெரியலை. கம்பியில பட்டுச்சு."

கேப்டன் அதை யோசித்தார். அவருடைய நல்ல கை மெதுவாக நகர்ந்து, பக்கக் கம்பியைத் தடவி, பெயின்ட் பெயர்ந்த இடத்தில் நின்றது.

"படகுக்குச் சேதம் உண்டா?"

"கொஞ்சம் பெயின்ட் போயிருக்கு."

"தண்ணி உள்ள வருதா?"

"இல்லை."

"அப்ப கரைக்குப் போய் அடிச்சுக்கலாம்," என்றார் கேப்டன்.

வாயைத் திறந்தார்.